ஏசுபாதம் அண்ணனுக்குப் பின்னால் நின்றவர்

இந்த நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வரும் கடைசி மின்சார ரயிலும் வந்து நின்றுவிட்டது. குழந்தை தூங்கின பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. நாளை சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நேரில் வந்து நின்றால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் பாதியை விழுங்கிவிடுவேன். அழுதால் பரவாயில்லை. விழுங்கக் கூடாது. அதனால் எழுதித் தருகிறேன். ஞானஜோதி டீச்சர், நீங்கள்தான் வாசிக்க வேண்டும். எனக்காகப் பரிதாபப்பட்டு ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள்.

மேடையில் வீற்றிருக்கும் தீயணைப்பு நிலைய அலுவலர் தோத்தாத்ரி சார் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, எங்கள் மாதர் சங்கத் தலைவி ஞானஜோதி டீச்சர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரத்தினபாய் அக்கா அவர்களே, காக்கி உடுப்பில் நிற்கும் சகோதரர்களே, தாம்பரத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் சிட்லபாக்கத்திலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஜெயசீலி. ஃபயர்மேன் தனசிங்கின் மனைவி. மறைந்த லீடிங் ஃபயர்மேன் ஏசுபாதம் அவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த ஹாலில் நூறு பேர் இருப்பீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவரைக் கண்டாலே ஆகாதவள் இந்த ஹாலில் ஒருத்திதான் இருக்க முடியும். அது நான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

ஏன் ஆகாது? சொல்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, என் வீட்டுக்காரருக்கு என்னைத் தவிர இன்னொரு வீடு இருக்கிறது என்று. சோற்றில் கை வைத்தால் "அண்ணன் சொன்னாரு". சட்டைக்குப் பட்டன் தைத்தால் "அண்ணன் இப்படித் தைக்கமாட்டாரு". எங்கள் பியூலா முதல் முதலாகப் பேசின வார்த்தை அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து "ண்ணே" என்றாள். அவள் அப்பா அதைக் கேட்டு வாய் கொள்ளாமல் சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பி.ஏ. படித்தவள், இவ்வளவு அற்பமாகவா இருப்பாள் என்று நினைப்பீர்கள். இருந்தேன்.

தாய்மார்களே, இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு ஏசுபாதம் அண்ணனை நெருப்பில் தெரியாது. சனிக்கிழமையில் தெரியும். மூன்று மணிக்கு இதே ஹாலில், இதே பெஞ்சுகளில் உட்கார்ந்து நாம் கேள்வி கேட்டோம், அவர் பதில் சொன்னார். எத்தனை கேள்விகள்! ஏன் தாமதமாக வருகிறீர்கள் என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "அம்மா, போன் பண்றவங்க நெருப்பு எங்கன்னு மட்டும் சொல்றாங்க. தண்ணி எங்கன்னு சொல்றதில்ல. பக்கத்தில கிணறு இருக்கா, ஏரி இருக்கா, வண்டி உள்ள வர்ற தெருவா, இதையும் சொல்லுங்க, பத்து நிமிஷம் மிச்சம்" என்றார். வண்டிக்குக் காசு கட்ட வேண்டுமா என்று கேட்டோம். வேண்டாம், ஒரு சொம்பு மோர் கொடுத்தால் குடிப்போம் என்றார். மாடு கிணற்றில் விழுந்தால் வருவீர்களா என்று ஒரு அம்மா கேட்டார். "வருவோம். மாடு உங்கள மாதிரி குறுக்குக் கேள்வி கேக்காது" என்றார். ஹாலே சிரித்தது.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாமா என்று என் பக்கத்து வீட்டு ஜஹானாரா கேட்டாள். ஊற்றவே கூடாது, ஒரு தட்டைப் போட்டு மூடு, அடுப்பை அணை, அப்படியே விட்டுவிட்டுத் தள்ளி நில் என்றார். சூட்டுக்காயத்துக்குப் பேனா மை, இட்லி மாவு, எதுவும் தடவாதே, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு என்றார். நைலக்ஸ் சேலையில் பம்ப் ஸ்டவ் நெருப்புப் பிடித்தால் ஓடாதே, தரையில் விழுந்து புரளு என்று சொல்லிவிட்டு, நாற்பத்தெட்டு வயசு மனுஷன், இந்த சிமெண்டுத் தரையில் படுத்துப் புரண்டு காட்டினார். போன தையில் ஜஹானாராவின் அண்ணி அப்படித்தான் புரண்டாள். கையில் ஒரு தழும்போடு பிழைத்தாள். அவளும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பாள்.

பெண்கள் கேட்ட கேள்வியையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு வருவார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கடைசி பெஞ்சில் பியூலாவை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பேன். அண்ணனைப் பார்க்கிற அந்த முகத்தை என் பக்கம் அவர் ஒரு நாளும் திருப்பினதில்லை.

ஒரு சனிக்கிழமை நானும் கை தூக்கினேன். கேள்வி இல்லை அது, குத்தல். "மணி அடிச்சா நீங்க எல்லாரும் ஓடிடறீங்க. வீட்டில இருக்கிறவ என்ன பண்றது சார்? அதுக்கும் ஒரு பாடம் நடத்துங்களேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். "இதுக்கு எனக்கு பதில் தெரியலம்மா" என்றார். அடுத்த வாரமும் தெரியவில்லை என்றார். மூன்றாவது வாரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து வண்டி திரும்பி வந்ததும், நிலையத்து வாசல் மணியை ஒரே ஒரு தடவை அடிக்க ஆரம்பித்தார்கள். புறப்படும்போது அடிக்கிற மாதிரி கணகணவென்று இல்லை. ஒற்றை அடி. போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் பின்தெரு வரைக்கும் கேட்கும். அந்த ஒற்றை மணியில் எத்தனை பெண்கள் உலையை இறக்கியிருப்போம், எத்தனை பேர் விளக்கைத் தணித்துப் படுத்திருப்போம்! அது என் கேள்விக்கு வந்த பதில் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளாவது நன்றி சொன்னேனா? சொல்லவில்லை.

இப்போது ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். வேலை தெரிந்த சகோதரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரிகிற கட்டடத்துக்குள் இரண்டு பேர் போவார்கள். முன்னால் போகிறவர் கையில் குழாயின் முனை இருக்கும். பின்னால் போகிறவர் ஒரு கையால் குழாயைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் முன்னால் இருப்பவரின் பெல்ட்டைப் பிடித்திருப்பார். ஏசுபாதம் அண்ணன் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: முன்னால் நிற்கிறவன் நெருப்பைப் பார்ப்பான், பின்னால் நிற்கிறவன் நெருப்பைப் பார்க்கவே கூடாது, கூரையைப் பார்க்க வேண்டும். உத்தரம் தொய்கிறதா, ஓடு நழுவுகிறதா, புகை நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் கேட்காமலே பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். முன்னால் இருப்பவர் ஏன் என்று கேட்கக் கூடாது. அவர் திரும்பிப் பார்க்காமல் நிற்பது பின்னால் இருக்கிற அந்த இரண்டு கண்ணை நம்பித்தான்.

ஐந்து வருஷம் அந்தக் கண்கள் என் வீட்டுக்காரருடையவை.

ஐந்து வருஷத்தில் பதினோரு தடவை அண்ணனை இழுத்துப் போட்டிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். இரும்புலியூரில் கிணறு தூர்வார இறங்கினவர் மயங்கி விழுந்தபோது, அண்ணன் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். விளக்கு பாதியில் அணைந்தது. கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிணற்றடியில் நின்ற ஜனங்கள் பயந்தாங்கொள்ளி என்று ஏசினார்கள். ஏசட்டும் என்று வேப்பங்கிளைகளைக் கட்டுக் கட்டாக இறக்கி ஏற்றி, தண்ணீரை வாரியடித்து, காற்றைக் கலக்கி, இரண்டாவது விளக்கு அணையாமல் தரையைத் தொட்ட பிறகே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். உயிரோடு தூக்கி வந்தார். ஏசினவர்களே காலில் விழுந்தார்கள். அந்தக் கயிற்றின் மறு முனை என் வீட்டுக்காரர் கையில். உள்ளங்கை உரிந்துபோய் வந்தார். தேங்காய் எண்ணெய் தடவப் போனேன், விடவில்லை. கல்யாண மோதிரத்தைக் காட்டுகிற மாதிரி அந்தக் காயத்தைத் தெருவெல்லாம் காட்டினார். கல்யாண மோதிரத்தை ஒருத்தருக்கும் காட்டினதில்லை.

அந்தக் கூரை பார்க்கிற கண்ணுக்கு எங்கள் வீட்டுக் கூரை மட்டும் தெரியாது. மூன்று மழைக்காலமாகச் சமையலறை ஓடு ஒழுகியது. அடுப்புக்குப் பக்கத்தில் அண்டா வைத்துச் சமைத்தேன்.

ஒரு நாள் அண்ணனின் மனைவி ரத்தினபாய் அக்காவிடம் வாய் விட்டுக் கேட்டேவிட்டேன். அக்கா, உங்களுக்குப் பொறாமையாக இல்லையா, வீட்டில் இருக்கிறதைவிட ஸ்டேஷனில்தானே இருக்கிறார் என்று. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கு. உன் புருஷன் மேலதான். எங்க வீட்டுக்காரர் கண்ண மூடிக்கிட்டு நம்புற ஒரே ஆளு அவன். என்னக்கூட அப்படி நம்பமாட்டாரு, சில்லறைய ரெண்டு தடவ எண்ணுவாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். அக்காவுக்கு அந்தச் சிரிப்போடு அது தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை.

சபையோரே, இதற்கு மேல் நான் சொல்லப் போவதை விழுங்கத்தான் பதினாறு நாளாக முயற்சி செய்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை பியூலாவுக்கு முதல் பிறந்தநாள். கேக் வாங்கி வைத்திருந்தேன். என் தங்கை சாராள் வேலூரிலிருந்து வந்திருந்தாள். அன்று சிட்லபாக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டப் போன அண்ணனும் இவரும் இருட்டின பிறகுதான் வந்தார்கள். மெழுகுவர்த்தியை நாங்களே ஏற்றி நாங்களே அணைத்திருந்தோம். இவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அண்ணன் இன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பித்தார். நாளைக்கு உங்களை வீட்டில் வைக்கிறேன் பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. தர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றொன்பது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று எனக்கே தெரியும். அவர் வந்து பார்ப்பதற்குள் தர்மாமீட்டரை உதறிவிட்டு, நூற்றிரண்டு என்றேன். கை காலெல்லாம் இழுத்த மாதிரி இருந்தது என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது. லீவு எழுதிக் கொடுத்தார். அண்ணன் அந்த லீவைப் பார்த்துவிட்டு, குழந்தைதான் முக்கியம், நீ இரு என்று சொல்லி அனுப்பினார். அதோடு ரத்தினபாய் அக்கா செய்த புழுங்கலரிசிக் கஞ்சியும் வந்தது. அந்தக் கஞ்சியை நான் குடித்தேன்.

மூன்றரை மணிக்கு மணி கணகணத்தது. இவர் எழுந்து வாசல் வரைக்கும் போனார். குழந்தை உடம்பு கொதிக்கிறது என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சுக் கிடங்கு. வெளியே அணைத்துவிட்டார்கள். பஞ்சுப் பொதிக்குள்ளே நெருப்பு உட்கார்ந்திருந்தது. அதைத் தேடி அண்ணன் உள்ளே போனார். பின்னால் போனவர் பம்ப் பார்க்கிற குப்புராஜ். ஏழு வருஷம் பம்ப்போடு நின்றவரை அன்று ஆள் இல்லாமல் உள்ளே அழைத்தார்கள். உத்தரம் இறங்கியது. குப்புராஜ் கை முறிந்து வெளியே விழுந்தார். அண்ணன் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குப்புராஜைப் போய்ப் பார்த்தேன். யாரும் அவர்மேல் குற்றம் சொல்ல வேண்டாம். அவர் என்னிடம் சொன்னது இது: "எவ்ளோ பெரிய நெருப்புக்கா அது. எதிர்ல அது ஆடிகினு கீது, நான் அதத்தான் பாத்துகினு இருந்தேன். மேல பாக்கணும்னு எனக்கு இன்னா தெரியும்? அது தனசிங்கு வேலை."

ஏழு மணிக்கு வண்டி திரும்பி வருகிற சத்தம் கேட்டது. இவர் வாசற்படியில் போய் நின்றார். இப்போ அடிப்பாங்க என்றார். நானும் நின்றேன். வண்டி நின்றது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை. இப்போ அடிப்பாங்க என்று இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

தனசிங் கூட இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா? அதை யாராலும் சொல்ல முடியாது என்று தோத்தாத்ரி சார் சொல்லிவிட்டார். இருந்திருந்தால் இரண்டு பேருமே போயிருக்கலாம், ரத்தினபாய் அக்கா பக்கத்தில் நானும் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கலாம். அதையும் நினைத்துப் பார்த்தேன். நினைத்தபோது, நல்லவேளை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை இந்த ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். பால் டிப்போவில், ரேஷன் கடையில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தனசிங் தப்பித்துக்கொண்டான் என்கிறார்கள். கூட வேலை செய்தவர்களே அவர் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர் தப்பிக்கவில்லை. அவரைப் பிடித்து வைத்தது நான். காய்ச்சல் இல்லை. பொய். என்னுடைய பொய்.

பதினாறு நாளாக அவர் வீட்டிலேயே இருக்கிறார். நான் ஆசைப்பட்டபடியே. சமையலறை ஓடுகளையெல்லாம் மாற்றிவிட்டார். இப்போது ஒழுகவில்லை. ராத்திரி விழித்துப் பார்த்தால் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தை "ண்ணே" என்றால் எழுந்து வெளியே போய்விடுகிறார். செத்துப் போன மனுஷர்மேல் பொறாமைப்பட்டு என்ன ஆகப் போகிறது, இருந்தும் படுகிறேன்.

போன வாரம் ராஜினாமாவும் எழுதிக் கொடுத்துவிட்டார். கூட்டம் முடியட்டும்யா, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று தோத்தாத்ரி சார் அதை மேஜைக்குள் வைத்திருக்கிறார்.

இன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஏணியில் நின்று கடைசி ஓட்டைச் செருகிக்கொண்டிருந்தார். தர்மாமீட்டரை உதறினது வரைக்கும் சொன்னேன். கீழே இறங்கினார். கை கழுவினார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என்கிட்ட சொல்லாத. அண்ணன்கிட்ட சொல்லு."

அதனால்தான் எழுதுகிறேன்.

ஏசுபாதம் அண்ணா, நீங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் குத்திக் கேட்ட கேள்வியை மரியாதையாக வாங்கிக்கொண்டு, அதற்காக ஒரு மணியே அடித்தீர்கள். உங்கள் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ரத்தினபாய் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார், நான் செய்தது தெரியாமல். என் கேள்வியை முழுசாக எழுதி, அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: "பதில் தெரியவில்லை. காத்திருப்பது நம் வேலையைவிடக் கஷ்டம். திரும்பினதும் ஒரு மணி அடித்தால் ஆகுமா?" ஆகும் அண்ணா. அது போதும். நான் உங்களிடமிருந்து ஒரு நாள் திருடினேன். என்னை மன்னியுங்கள். ரத்தினபாய் அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளை கூட்டம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் திரும்பிப் போகிறேன், மறுநாளும் வருகிறேன்.

சபையோரே, அஞ்சலி என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. மூன்று சனிக்கிழமைகள் இந்த ஹால் பூட்டியே கிடந்தது. வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் திறக்கிறேன். அந்த நோட்டில் இருநூற்றுப் பதினேழு கேள்விகள் இருக்கின்றன. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன், தெரியாததை எழுதிக்கொண்டு நிலையத்தில் வந்து கேட்கிறேன். தரையில் புரண்டும் காட்டுகிறேன். வெட்கப்பட மாட்டேன். இதற்கு மேல் எனக்கு என்ன வெட்கம்?

தோத்தாத்ரி சார், உங்களுக்குத்தான் கடைசி வார்த்தை. அந்த ராஜினாமாவைத் திங்கட்கிழமை மேலே அனுப்பாதீர்கள். பொய்யின்மேல் எழுதின லீவு அது, அந்த லீவின்மேல் எழுதின ராஜினாமா இது. இரண்டுமே அவருடையது இல்லை. கூரையைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் நிலையத்துக்கு வேண்டும். குப்புராஜுக்கும், இனி முன்னால் போகிற ஒவ்வொருத்தருக்கும் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க இப்போது அவர் ஒருத்தர்தான் மிச்சம். எங்கள் வீட்டுக்கு வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், அண்ணன் போன நாளிலிருந்து திரும்பி வருகிற வண்டிக்கு அந்த ஒற்றை மணியை யாரும் அடிப்பதில்லை. அதை மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, மாட்டீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். நாளை மேடையில் சொல்ல வேண்டாம். நிலையத்துப் பின்தெருவில் ஆறாவது வீடு. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதி அனுப்புங்கள்.